பேட்ரிக்: ஆடு மேய்த்த அடிமைச் சிறுவனின் பெயர்

பேட்ரிக் என்ற பெயரைக் கேட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் மூத்தவர்களின் கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து, சரளமான ஆங்கிலம். அவர் தோட்டத்து ஆபீஸ் கிராணியாக இருப்பார். இல்லையென்றால் ஆஸ்பத்திரி டிரஸர், அதுவும் இல்லையென்றால் மிஷன் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு கோலாலம்பூர் அந்தோணியார் கோயிலில் பூசைக்கு நிற்பார். லயத்தில் குடியிருந்தவர்களுக்கு அது எட்ட இருந்து பார்க்க வேண்டிய பெயர்.

இளையவர்களைக் கேட்டால் பதில் வேறு. மார்ச் 17ஆம் தேதி, பச்சைச் சட்டை, பங்சார் பக்கத்து மதுக்கூடங்களில் கூத்து, கோலாலம்பூர் ஹோட்டலில் செலாங்கூர் செயின்ட் பேட்ரிக் சங்கம் நடத்தும் விருந்து என்பார்கள். சிறுபிள்ளைகளுக்கோ பேட்ரிக் என்றால் கார்ட்டூனில் வரும் இளஞ்சிவப்பு நட்சத்திர மீன்தான். அதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

அந்தப் பெயரை உலகறியச் செய்த மனிதருக்கு இந்தப் படங்களில் ஒன்றுகூடப் பொருந்தாது. அவர் அயர்லாந்தில் பிறந்தவரே அல்லர். கடல் கடந்து பிடித்துச் செல்லப்பட்டு, அந்நிய மண்ணில் ஆடு மேய்த்த அடிமை அவர். படிப்பு பாதியில் நின்றுபோனவர். அதை எண்ணிக் கிழவயது வரை வெட்கப்பட்டவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை அதிகம் விளக்கம் இல்லாமலே புரியும்.

பதினாறு வயதில் பறிபோனது

அவர் வாழ்ந்தது 5ஆம் நூற்றாண்டில். ரோமப் பேரரசு பிரிட்டனைக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். பிரிட்டனில் ஓரளவு வசதியான குடும்பம் அவருடையது. தந்தை கல்பூர்னியஸ் ஊர் மன்றத்தில் பொறுப்பு வகித்தவர், தேவாலயத்தில் திருத்தொண்டராகவும் இருந்தார். பாட்டனார் ஒரு குரு. வீட்டில் வேலைக்காரர்கள் உண்டு, கொஞ்சம் நிலமும் உண்டு. பிள்ளைக்குப் பத்ரிசியஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் அதற்கு உயர்குடியில் பிறந்தவன் என்று பொருள்.

வீட்டில் பக்தி இருந்தாலும் பையனுக்கு அதில் நாட்டமில்லை. கடவுளைப் பற்றி அப்போது தனக்கு எதுவும் தெரியாது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். பதினாறு வயது நெருங்கும்போது அயர்லாந்துக் கொள்ளையர்கள் கரையேறினார்கள். அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். தன்னைப்போல் ஆயிரக்கணக்கானோர் கொண்டு செல்லப்பட்டதாக அவர் குறிப்பிடுகிறார். உயர்குடி என்று பெயர் கொண்ட பிள்ளை ஒரே நாளில் விற்பனைப் பொருளானான்.

வாங்கியவர்கள் அவனை ஆடு மேய்க்க அனுப்பினார்கள். மேற்குக் கடலோரக் காடு ஒன்றும் மலைப்பக்கமும்தான் ஆறு ஆண்டுகள் அவனுக்கு உலகம். மொழி தெரியாது, உறவென்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. பனியிலும் மழையிலும் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவான். வேறு துணை இல்லாததால் வீட்டில் கேட்டுக் கேட்டுப் புறக்கணித்த பிரார்த்தனையைப் பிடித்துக்கொண்டான். பகலில் நூறு முறை, இரவிலும் ஏறக்குறைய அவ்வளவு முறை வேண்டியதாக அவர் எழுதியிருக்கிறார். இருட்டோடு எழுந்து பால்மரத்துக்கு நடந்த நம் தாத்தா பாட்டிமார் வாய்க்குள் முருகா, மாரியாத்தா என்று முணுமுணுத்ததும் இந்த மாதிரியான தனிமையில்தான்.

ஆறு ஆண்டுகள் கழித்து ஓர் இரவு, தூக்கத்தில் ஒரு குரல் கேட்டது. ஊருக்குத் திரும்பும் காலம் வந்துவிட்டது, கப்பல் தயாராக இருக்கிறது என்றது அது. கப்பலோ பக்கத்தில் இல்லை. ஏறக்குறைய இருநூறு மைல் தொலைவில், முன்பின் தெரியாத துறையில் இருந்தது. ஓடும் அடிமை பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் அவன் நடந்தான். துறையை அடைந்ததும் கப்பல் தலைவன் சீறி விழுந்து விரட்டிவிட்டான். மனமுடைந்து திரும்பி நடக்கும்போது, பின்னாலிருந்து ஒருவர் கூவி அழைத்து ஏற்றிக்கொண்டார்கள்.

மூன்று நாள் கடற்பயணம். கரையேறிய பிறகு இருபத்தெட்டு நாட்கள் ஆளரவமற்ற நாட்டில் நடை. உணவு தீர்ந்து எல்லாரும் சுருண்டு விழும் நிலையில், இவன் கும்பிடும் கடவுள் அவ்வளவு வல்லவர் என்றால் ஏன் உதவவில்லை என்று தலைவன் ஏளனமாகக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் பன்றிக்கூட்டம் ஒன்று எதிரே வந்ததாம். அற்புதம் என்று எடுத்துக்கொள்வோரும் தற்செயல் என்பாரும் இருக்கலாம். பசித்தவர்களுக்குச் சோறு கிடைத்தது.

பல துன்பங்களுக்குப் பிறகு அவன் வீடு சேர்ந்தான். பெற்றோர் கட்டி அணைத்து, இவ்வளவு பட்டது போதும், இனி எங்களை விட்டு எங்கும் போகாதே என்று கெஞ்சினார்கள். கதை இங்கேயே முடிந்திருந்தால் அந்தப் பெயரை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

திரும்பிப் போனவர்

ஒரு கனவு வந்தது. அயர்லாந்திலிருந்து விக்டோரிகஸ் என்பவர் கட்டுக்கட்டாகக் கடிதங்களோடு வருகிறார். அதில் ஒன்றைப் பிரித்துப் படிக்கும்போதே, அந்த மேற்குக் கடலோரக் காட்டு மக்கள் ஒரே குரலில் தன்னைக் கூப்பிடுவது கேட்கிறது. மறுபடியும் எங்களிடையே வந்து நட என்கிறார்கள். நெஞ்சு உடைந்து, மேற்கொண்டு படிக்க முடியாமல் அவர் விழித்துக்கொள்கிறார்.

தன்னை அடிமையாக வைத்திருந்த நாட்டுக்குத் தானாகவே திரும்பிப் போவது எளிதான முடிவல்ல. பிரிட்டனில் திருச்சபைப் பெரியவர்கள் எதிர்த்தார்கள். படிப்பு போதாது, எதிரிகள் நடுவே போய் என்ன செய்யப் போகிறான் என்றார்கள். போதாக்குறைக்கு, நெருங்கிய நண்பர் ஒருவர் துரோகம் செய்தார். பதினைந்து வயதில் ஒரு மணி நேரத்தில் செய்த ஏதோ ஒரு தவற்றை அவரிடம் மட்டும் மனம்விட்டுச் சொல்லியிருந்தார் பேட்ரிக். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நண்பர் அதை ஊரறியச் செய்துவிட்டார். அவருடைய எழுத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போது, காயம் ஆறவே இல்லை என்பது தெரிகிறது.

ஆயராகப் பொறுப்பேற்று அயர்லாந்து சென்றார். அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகள் அவர் வந்த ஆண்டு 432 என்கின்றன. அங்கே அவருக்குச் சிங்காசனம் போட்டு யாரும் காத்திருக்கவில்லை. சிற்றரசர்களுக்குப் பரிசு கொடுத்துத்தான் வழி கேட்க வேண்டியிருந்தது. ஒருமுறை பிடித்து இரும்பு விலங்கு பூட்டிப் பதினான்கு நாட்கள் வைத்திருந்தார்கள். கொலையோ வஞ்சகமோ மறுபடியும் அடிமை வாழ்வோ எந்த நாளும் வரலாம் என்ற நினைப்போடுதான் அவர் அங்கே வாழ்ந்தார்.

பணத்தில் அவர் காட்டிய கண்டிப்பு கவனிக்கத்தக்கது. பெண்கள் பக்தியோடு தங்கள் நகைகளைப் பீடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் அவற்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுத்தவர்கள் மனம் வருந்தினாலும் விடமாட்டார். ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தும் யாரிடமிருந்தும் அரைக்காசு வாங்கியிருந்தால் சொல்லட்டும், திருப்பித் தருகிறேன் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். கோயில் கணக்கு வழக்குகளில் சண்டை போட்டுச் சலித்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

அவரைப் பின்பற்றியவர்களில் அரசர் மக்களும் இருந்தார்கள், அடிமைப் பெண்களும் இருந்தார்கள். எல்லாரையும்விட அதிகம் துன்பப்பட்டவர்கள் அடிமைப் பெண்களே என்று அவர் தனியாக எடுத்து எழுதினார். மிரட்டலையும் அச்சத்தையும் தாண்டி அவர்கள் உறுதியாக நின்றதைப் பாராட்டினார். அந்தக் காலத்தில் அடிமைப் பெண்ணின் துயரத்தைப் பொருட்படுத்தி எழுதியவர்கள் மிகச் சிலரே. தானும் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் என்பதால்தான் அவர் கண்ணில் அது பட்டது.

வெட்கத்தோடு எழுதியவர்

பேட்ரிக் எழுதியவையாக இரண்டே லத்தீன் நூல்கள் கிடைத்துள்ளன. ஒன்று தன் வாழ்க்கையைப் பற்றி முதுமையில் எழுதிய அறிக்கை. இன்னொன்று ஒரு கடிதம். அறிக்கையின் தொடக்கத்திலேயே தன் மொழி கரடுமுரடானது என்று ஒப்புக்கொள்கிறார். மற்றவர்கள் சிறுவயது முதல் ஒரே மொழியில் தடையின்றிப் படித்துத் தேறினார்கள். தன் படிப்போ பதினாறு வயதில் அறுந்தது, பேச்சும் அந்நிய மொழிக்கு மாறிவிட்டது. படித்தவர்கள் சிரிப்பார்களே என்று இவ்வளவு காலம் எழுதத் தயங்கினேன் என்கிறார்.

பெரிய பட்டணத்துப் படிப்பாளிகள் நடுவே நின்றபோது தன் தோட்டப் பள்ளி ஆங்கிலத்தை நினைத்து வாய் திறக்காமல் இருந்தவர்கள் இந்தக் கூச்சத்தை அறிவார்கள். ஆனால், கூச்சப்பட்டுக்கொண்டே அவர் எழுதியதுதான் நிலைத்தது. சிரித்த படிப்பாளிகளில் ஒருவர் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில் இல்லை.

கடிதத்தின் கதை இன்னும் கடுமையானது. கொரோட்டிகஸ் என்ற தலைவனின் படைவீரர்கள் அயர்லாந்தில் புகுந்து, முந்தின நாள்தான் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தாக்கினார்கள். வெள்ளை ஆடையும் கலையவில்லை, நெற்றியில் பூசிய தைலமும் காயவில்லை. சிலரைக் கொன்று, மற்றவர்களைப் பிடித்து வடக்கே பிக்ட் இனத்தாருக்கு விற்றுவிட்டார்கள். பேட்ரிக் ஒரு குருவை அனுப்பி அவர்களைத் திருப்பிக் கேட்டார். வீரர்கள் சிரித்து அனுப்பினார்கள்.

வலிக்கும் செய்தி என்னவென்றால், விற்றவர்கள் அந்நியர்கள் அல்லர். தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றும் ரோமக் குடிகள் என்றும் சொல்லிக்கொண்டவர்கள், பேட்ரிக்கின் சொந்தப் பக்கத்து ஆட்கள். அதனால் அவர் தனிக் கடிதம் எழுதவில்லை. ஊர் ஊராகப் படித்துக் காட்டும்படி பகிரங்கக் கடிதமாக எழுதினார். இவர்கள் என் நாட்டவர் அல்லர் என்று அறுத்துச் சொன்னார். பிடித்தவர்களை விடுதலை செய்து மனம் வருந்தும் வரை இவர்களோடு உண்ணவோ பருகவோ கூடாது, இவர்கள் கொடுக்கும் தருமத்தையும் வாங்கக்கூடாது என்றார். அயர்லாந்தில் பிறந்தவர்கள் என்பதால்தானே நம்மைக் கேவலமாக எண்ணுகிறார்கள் என்று அவர் கேட்கும் இடத்தில் ஒரு சொல் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களை என்று எழுதவில்லை, நம்மை என்று எழுதினார். அடிமையாக வந்த நாட்டை அவர் தன் நாடாக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

தன் பெயரின் பொருளையும் அங்கேதான் தொடுகிறார். பிறப்பால் உயர்குடி, ஆனால் பிறர் நன்மைக்காக அந்த உயர்குடியை விற்றுவிட்டேன், அதற்காக வெட்கமோ வருத்தமோ இல்லை என்கிறார்.

நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தது வாள்முனையில் அல்ல. பஞ்சமும் கடனும் துரத்த, ஆசை வார்த்தை இழுக்க வந்தார்கள். முதலில் சஞ்சிக்கூலியாக, 1910இல் அந்த முறைக்குத் தடை வந்த பிறகு பெரும்பாலும் கங்காணி வழியாக. இரண்டும் ஒன்றென்று சொல்வது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. ஆனால் கூட்டிவந்த கங்காணியும் பல வேளைகளில் அதே ஊர், அதே பேச்சு, அதே சாமி கும்பிட்டவர்தான். கொரோட்டிகஸைப் பற்றிய கடிதம் அதனாலேயே நம் காதில் அழுத்தமாக விழுகிறது.

பாம்பும் பச்சையும்

அவர் இறந்த நாள் மார்ச் 17 என்பது மரபு. ஆண்டு 461 என்பாரும் 493 என்பாரும் உண்டு. இறந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு முயிர்கூ, டீரகான் என்ற இருவர் அவர் வரலாற்றை எழுதினார்கள். அதற்குள் அடக்கமான ஆயர், மந்திரவாதிகளை வீழ்த்தும் வீரராக வளர்ந்துவிட்டார்.

பாம்புகளையெல்லாம் கடலுக்குள் விரட்டினார் என்ற கதையும் பின்னால் சேர்ந்தது. பனி யுகத்துக்குப் பிறகு அயர்லாந்தில் பாம்பே இருந்ததில்லை. இல்லாததை விரட்டுவது சிரமமில்லாத வேலை. மூவிலைச் செடியைக் காட்டித் தந்தை, மகன், ஆவி என்ற மூவொரு கடவுளை விளக்கினார் என்பது அழகான கதைதான். அவர் எழுத்தில் அது இல்லை. 18ஆம் நூற்றாண்டில்தான் நூலில் ஏறுகிறது. பச்சை நிறம்கூடப் புதிது. முன்பு அவருக்குரிய நிறம் நீலம்.

கதைகள் ஒருபுறம் இருக்க, பக்தி உண்மையானது. அயர்லாந்தின் மேற்கில் குரோ பேட்ரிக் என்ற 764 மீட்டர் மலையில் அவர் நாற்பது நாள் நோன்பிருந்ததாக நம்பிக்கை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் அதில் ஏறுகிறார்கள். கூர்மையான கற்களின் மேல் சிலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் நேர்த்திக்கடனோடு ஏறும் நம்மவர்களுக்கு அவர்களைப் பார்த்தால் வியப்பு இருக்காது.

பெயர் பட்ட பாடு

இன்று ஐரிஷ் பையன் என்றதும் உலகம் முதலில் சொல்லும் பெயர் பேட்ரிக். ஆனால் பல நூற்றாண்டுகள் அயர்லாந்து மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை நேரடியாக வைக்கத் துணியவில்லை. அவ்வளவு மரியாதை. பேட்ரிக்கின் ஊழியன் என்று பொருள்படும்படி கில்லா பாட்ரிக் என்று சுற்றி வளைத்து வைத்தார்கள். முருகதாஸ், ராமதாஸ் என்று நாம் வைப்பதுபோல. 17ஆம் நூற்றாண்டையொட்டித்தான் பேட்ரிக் சாதாரணப் பெயராகிப் பரவியது.

பரவிய பிறகு அதற்கு வேறொரு கதி நேர்ந்தது. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தை உலுக்கியது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதற்கும் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். கால்வாய் வெட்டவும் தண்டவாளம் போடவும் போன அந்தக் கூலிகள் எல்லாருக்கும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒரே பெயர் வைத்தார்கள்: பேடி. பேட்ரிக்கின் செல்லச் சுருக்கம் அது. லண்டன் பத்திரிகைகள் பேடியைக் குரங்கு முகத்தோடு படம் போட்டன. (நெல்லைக் குறிக்கும் பேடி வேறு. அது மலாய் பாடியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. தஞ்சோங் காராங் வயலுக்கும் டப்ளினுக்கும் சம்பந்தமில்லை.)

ஒரு மனிதனின் பெயரை ஓர் இனத்துக்கே வசைப்பெயராக்குவது நமக்குப் பழகிய வேலை. தென்னாப்பிரிக்காவில் தமிழர் பெயர்கள் சாமி என்று முடிவதைப் பார்த்து வெள்ளையர் இந்தியர் எல்லாரையும் சாமி என்று இளக்காரமாக அழைத்ததைக் காந்தி பதிவு செய்திருக்கிறார். தோட்டத் துரைமாருக்கு ஆயிரம் தொழிலாளரும் ஒரே ராமசாமிதான். கலிங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் கெலிங் என்ற சொல் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த வணிகரைக் குறித்த சாதாரணச் சொல். இன்று அதைக் கேட்டால் கோபம் வருகிறது. சொல்லில் குற்றமில்லை, சொன்னவர் வாயில்தான் அது கெட்டது.

விந்தை என்னவென்றால், பேடி என்று இகழப்பட்ட அதே மக்களில் ஒரு பகுதியினர் பிரிட்டிஷ் கொடியின் கீழ் போலீஸாகவும் அதிகாரியாகவும் கீழை நாடுகளுக்கு வந்தார்கள். நம்மவர்களுக்கு ஆங்கிலேயன் யார், ஐரிஷ்காரன் யார் என்று தெரியாது. எல்லாரும் துரைதான். துரையின் பெயர் என்பதால் பேட்ரிக்குக்கு இங்கே மிடுக்கு ஏறியது. புக்கிட் நானாஸ் செயின்ட் ஜோன்ஸ், பிரிக்பீல்ட்ஸ் லா சால், கிள்ளான் லா சால் போன்ற லா சால் சகோதரர்களின் பள்ளிகள் அதற்கு வேறொரு சாயலைத் தந்தன. அச்சகோதரர்களில் ஐரிஷ்காரர்கள் பலர். பிரம்பும் கண்டிப்பும் இருந்தாலும், தோட்டத்துப் பிள்ளையையும் டவுன் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த பள்ளிகள் அவை.

ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியேறியவர்களுக்கு இந்தப் பெயர் தமிழாகவே அறிமுகம். அங்கே அவர் பத்திரிசியார். 1850இல் தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளி பின்னர் புனித பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அதை 1936 முதல் 1954 வரை நடத்திய ஐரிஷ் குரு திமோத்தி லோங் அடிகளார், யாழ்ப்பாணப் பொது நூலகம் எழும்ப முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர். 1981இல் அந்த நூலகம் எரிந்த இரவில், பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து தீயைக் கண்ட தமிழறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார் என்பதை யாழ்ப்பாணத்தார் இன்றும் கண்கலங்கிச் சொல்வர்.

பேட்ரிக் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு காட்டும் இடம் வட அயர்லாந்தின் டவுன்பேட்ரிக் ஊர்த் தேவாலய முற்றம். வந்தவர்கள் எல்லாம் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு போனதில் அங்கே குழியே விழுந்துவிட்டது. மேலும் தோண்டாதிருக்க 1900ஆம் ஆண்டில் பெரிய கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் பட்டமோ புகழுரையோ எதுவும் இல்லை. ஒரு சிலுவையும் பேட்ரிக் என்ற பெயரும் மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.